வசந்தாக்கா வீட்டுச் சுவர்

போன மாதம் என் தம்பி மகனுக்குக் கல்யாணம். பெண் வீட்டாரைத் தங்க வைக்க ஸ்ரீரங்கத்தில் ஒரு விடுதியில் அறைகள் எடுத்திருந்தார்கள். "அத்தை, நீங்கதான் ஸ்ரீரங்கத்துக்காரங்க. ஒரு எட்டு போயி ரூமெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்துடுங்க" என்றான் தம்பி மகன். நான் காட்டூருக்குக் குடிவந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் வீட்டில் என்னை இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கும் அதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, பாலத்தில் போகும்போது வழக்கம்போல எட்டிப் பார்த்து, காவேரியில் தண்ணீர் இல்லை என்று யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

சந்து அடையாளம் தெரியவில்லை. தரையெல்லாம் கல் பாவியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்குக் கம்பங்கள். சுவரில் மயில், யானை, கோலம் எல்லாம் வர்ணத்தில் வரைந்திருந்தார்கள். சாக்கடையை மூடிவிட்டதால் மூக்குக்கும் வழி தெரியவில்லை. விலாசத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, முனையிலிருந்து வாசல்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். ஐந்தாவது வாசலில் நின்று நிமிர்ந்தால் அது எங்கள் ஸ்டோர். உள்ளே கூட்டிப் போய் ஓர் அறையின் குளியலறையைத் திறந்து காட்டினார்கள். வெந்நீர்க் குழாய், கண்ணாடி, வெள்ளைத் துண்டு எல்லாம் இருந்தன. அது அம்மாவின் சமையலறை.

ஸ்டோர் என்றதும் சாமான் கடை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஸ்டோர் என்றால், ஒரே தலைவாசலுக்குள் நீளமாக ஒரு நடை, அதன் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன குடித்தனங்கள். எங்களுடையதில் பதினோரு குடித்தனம். ஒரு கிணறு, ஒரு குழாய், கொல்லையில் இரண்டு கக்கூஸ். காலையில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது பத்து மணிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே வாசனை, சுண்ணாம்புச் சுவர் ஊறிய வாசனை. எனக்கு அது பிடிக்கும் என்று சொன்னால் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "பாத்திரம் வெச்சு வெச்சு எனக்குக் கை ஓயுது, இவளுக்கு வாசனையாம்!"

வீட்டுக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். அண்ணன் தம்பி நான்கு பேர், நாலு பேருக்கும் கோர்ட்டில் தகராறு. வீடு யாருக்கு என்று தீரும்வரை யாரும் ஓர் ஓடு மாற்றமாட்டார்கள். பெரியவர் வருஷத்துக்கு ஒருமுறை சேவிக்க வருவார். ஒழுகுகிறது என்று அப்பா ஒரு தடவை சொன்னதற்கு, "நல்ல மழைன்னு சந்தோஷப்படுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போனார். நாங்களாகக் காலி பண்ணிக்கொண்டு போனால் அவர்களுக்கு நிம்மதி. கழுத்தைப் பிடித்துத் தள்ள மனசில்லாததால் அந்த வேலையை மழையிடம் விட்டிருந்தார்கள்.

ஆறாம் குடித்தனத்தில் வசந்தாக்கா இருந்தாள். தையல்காரி. கல்யாணமான இரண்டாம் வருஷம் வேலை தேடி பம்பாய்க்குப் போன புருஷன் திரும்பவே இல்லை. அதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கமாட்டோம், அவளும் சொல்லமாட்டாள். ஸ்ரீரங்கத்து ரவிக்கைகளில் பாதி அவள் கையால் தைத்தது. துணி வெட்டவும் மெஷின் போடவும் இடம் வேண்டுமென்று அவள் பிடித்திருந்த முன்னறைதான் ஸ்டோரிலேயே பெரிது. பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். அதனால் ஸ்டோரில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் அந்த அறையில்தான் நடக்கும்.

அதற்கென்று எங்களிடம் ஒரு முறை இருந்தது. மூன்றாம் குடித்தனத்து நாற்காலிகள், எங்கள் வீட்டு ஜமுக்காளம், முதல் குடித்தனத்தில் இருந்த ரிட்டயர்டு வாத்தியார் வீட்டிலிருந்து ஆளுயரப் பெருமாள் படம். எல்லாம் காலையிலேயே வசந்தாக்கா அறைக்கு வந்துவிடும். படம் அழகுக்காக இல்லை. மேற்குச் சுவரில் விட்டத்துக்கு அடியில் தொடங்கி தரைவரைக்கும் ஒரு வெடிப்பு இருந்தது. நாலு விரல் நுழையும். மேல்பாதியைப் பெருமாள் மறைத்துக்கொள்வார். கீழ்ப்பாதிக்கு டிரங்குப் பெட்டிகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் மிஞ்சும், அதற்கு நான். அப்போதே கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவள். "அசையாம நில்லு, என்ன?" என்பாள் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரோடு சுவராக நிற்பேன். ஸ்டோரில் ஆறு கல்யாணம் நிச்சயமானதில் என் முதுகுக்கும் பங்குண்டு.

ஒரு சித்திரையில் வசந்தாக்கா அளவுநாடாவால் அந்த வெடிப்பை அளந்து பார்த்தாள். போன வருஷத்தைவிட விரிந்திருந்தது. "பாப்பா, நீ டைப் கிளாஸ் போறேல்ல? ஒரு மனு அடிச்சுக் குடு" என்றாள். வீட்டுக்காரர் ரிப்பேர் செய்ய வேண்டும் என்று உத்தரவு போடச் சொல்லி, கட்டடங்களைப் பார்க்கிற ஆபீசுக்கு மனு. அடித்துக் கொடுத்தேன். மூன்று எழுத்துப் பிழை. பதினோரு வீட்டிலும் கையெழுத்து வாங்கினாள். "இந்த ரூமு போச்சுன்னா என் பொழப்பே போச்சு பாப்பா. மெஷினத் தூக்கிக்கிட்டு எந்தத் தெருவுல போயி புதுசா ஆள் பிடிக்கறது?" என்று அவள் சொன்னபோது நான் இன்னொரு பிழையை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

ஆவணியில் ஒரு நாள், மறுநாள் மத்தியானம் ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தது. வசந்தாக்கா அன்றே டிரங்குப் பெட்டிகளை நடைக்கு இழுத்துப் போட்டாள். வெடிப்பைத் துணியால் துடைத்துப் பளிச்சென்று தெரியும்படி வைத்தாள். மறுநாள் காலையில், மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்று நூலும் லைனிங் துணியும் வாங்க டவுனுக்குக் கிளம்பும்போது சாவியை அம்மாவிடம் கொடுத்தாள்.

"அக்கா, எதையும் மறைச்சிடாதீங்க."

"நான் ஏன்டி மறைக்கப் போறேன்?" என்றாள் அம்மா.

அம்மா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் வசந்தாக்கா போன கொஞ்ச நேரத்தில் வாத்தியார் நடையில் நின்றுகொண்டு சொன்னார்: "வீடு ஜீர்ணமாயிடுத்துன்னு ஆபீசர் எழுதிட்டார்னா, ரிப்பேருக்கா உத்தரவு போடுவா? எல்லாரும் காலி பண்ணுங்கோன்னு நோட்டீஸ் ஒட்டிடுவா. நாமெல்லாம் எங்கே போறது?" ஸ்டோரே திகைத்துவிட்டது. அவர் சொன்னது தப்பு என்று எடுத்துச் சொல்ல, இருந்த ஒரே ஆள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து முனைவீட்டுக்காரர் ஓடி வந்தார். ஆபீசர் காலையிலேயே வந்துவிட்டார், பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்றார்.

பிறகு யாரும் எதுவும் யோசிக்கவில்லை. கைகளுக்குப் பழக்கமாயிற்றே! நாற்காலி வந்தது, ஜமுக்காளம் வந்தது, பெருமாள் வந்தார், பெட்டிகள் திரும்ப உள்ளே போயின. வாசலில் இழைக்கோலம். அம்மா ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு மனுஷன் வீட்டுக்கு வருகிறார் என்றால் அழுக்கையும் ஓட்டையையும் காட்டி உட்கார வைக்க எங்களுக்குத் தெரியாது. நான் போய் என் இடத்தில் நின்றேன். யாரும் சொல்லக்கூட இல்லை.

ஆபீசர் நல்ல மனிதர். ஒல்லியாக, வெயிலில் கறுத்துப்போய், பார்த்தால் பாவமாக இருந்தார். பெருமாளைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கேசரியை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டிருந்தபோது வசந்தாக்கா வாசலில் வந்து நின்றாள். கையில் நூல் பை. முகமெல்லாம் வேர்வை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"சார், மனு குடுத்தது நாந்தான்."

"வாங்கம்மா. பயங்கரமா எழுதியிருந்தீங்களேன்னு வந்தேன். நல்லாத்தானே வெச்சிருக்கீங்க?"

"அந்தப் படத்த எடுத்துட்டுப் பாருங்க சார்."

வாத்தியார் குறுக்கே வந்தார். "பெருமாளை எழுந்தருளப் பண்ணின எடத்துலேர்ந்து எடுக்கப்படாதும்மா." ஆபீசரும் சங்கடமாகத் தலையாட்டினார். வசந்தாக்கா என் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, நீயாவது கொஞ்சம் தள்ளு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கரண்டியும் கையுமாகக் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். முதுகில் வெடிப்பிலிருந்து வந்த காற்று சில்லென்று பட்டுக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை.

அவள் என்னைப் பிடித்து இழுத்திருக்கலாம். படத்தைத் தானே கழற்றியிருக்கலாம். அவள் அறைதானே! வெளியாள் முன்னால் பத்துக் குடும்பத்தைப் பொய்யர்களாக்க அவளுக்கு மனசு வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எவ்வளவு தைரியசாலியானாலும் அவளும் ஸ்டோர்காரிதான். கடைசியில் ஆபீசர் கை கழுவ அவள்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

அடுத்த மனுவையும் நானே அடித்தேன். பிழையில்லாமல் அடித்தேன். பார்வையிடப்பட்டது, கட்டடம் நல்ல நிலையில் உள்ளது என்று பதில் வந்தது. அதற்கடுத்த மனுவுக்கு முந்தைய பதிலைப் பார்க்கவும் என்று பதில் வந்தது. அம்மாவும் வாத்தியாரும்கூட ஆபீசுக்கு நடந்தார்கள், நாங்கள்தான் மறைத்தோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அந்த ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார், ஃபைலில் எழுதியது எழுதியதுதான் என்றார்களாம்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, குழாயடியில் எல்லோரும் நின்றிருந்தபோது சத்தம் கேட்டது. வெடிப்பிலிருந்து விட்டத்தின் முனை கழன்று, வசந்தாக்கா அறையின் கூரை பாதி இறங்கிவிட்டது. அவளும் குடத்தோடு எங்களுடன்தான் நின்றிருந்தாள். ஆளுக்கு ஒன்றும் இல்லை. மெஷின்தான் ஓட்டுக்கும் மண்ணுக்கும் அடியில் போய்விட்டது. சுவர் மட்டும் அப்படியே நின்றது.

இரண்டே நாளில் தலைவாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள், குடியிருக்கத் தகுதியற்றது, உடனே காலி செய்யவும் என்று. வாத்தியார் பிள்ளையிடம் போனார். நாங்கள் காட்டூர். வசந்தாக்கா லால்குடிப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போனாள். வண்டியில் ஏறும்போது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்னத்தடி கண்டேன்?" என்று அழுதாள். "விடுங்கக்கா" என்றாள் அவள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஒரு கார்டு வந்தது, தம்பி வீட்டில் தைக்க இடமில்லை, சும்மாதான் இருக்கிறேன் என்று. நான் பதில் போட்டேன். பிறகு வரவில்லை. லால்குடிக்கு நான் போயிருக்கலாம், ரொம்ப தூரம் ஒன்றும் இல்லை. போகவில்லை.

அன்றைக்கு நான் நகர்ந்திருந்தால் சுவரைக் கட்டிக் கொடுத்திருப்பார்களா, இல்லை வாத்தியார் சொன்னதுபோல் ஆவணியிலேயே காலி பண்ணச் சொல்லியிருப்பார்களா? இதை எத்தனையோ தடவை யோசித்தாயிற்று. தெரியவில்லை.

விடுதிக்கு வருவோம். அறைகளைப் பார்த்து முடித்ததும் வரவேற்பில் இருந்த பெண் ஆசையாகச் சொன்னாள். "மேடம், எங்க லாபிய நீங்க பாக்கவே இல்லையே! அங்க ஒரு பழைய சுவர அப்படியே வெச்சிருக்கோம்." வசந்தாக்கா அறைதான் லாபி. மற்ற சுவர்களைப் பூசி மெழுகியிருந்தார்கள். மேற்குச் சுவரை மட்டும் காரையை உரித்துச் செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். அதில் மேலிருந்து கீழ்வரை அந்த வெடிப்பு. கண்ணாடி போட்டு மூடி, மேலே ஒரு மஞ்சள் விளக்கு. புது இரும்புத் தூண் ஒன்று பக்கத்தில் நின்று விட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒரு தூண். அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கிறது.

"ஒரிஜினல் கிராக் மேடம் இது. வர்றவங்க எல்லாம் இது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துப்பாங்க."

பக்கத்தில் ஒரு பலகை. ஒரு பாரம்பரியக் குடும்பத்தின் மாளிகை என்று எழுதியிருந்தது. பதினோரு குடித்தனமும் இல்லை, குழாயடியும் இல்லை. மூக்கை இழுத்துப் பார்த்தேன், ஊதுபத்தி வாசனைதான் வந்தது. "இங்க முன்னாடி யாரு இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். எங்கிருந்து தொடங்குவது? "பலகைல போட்டிருக்கே" என்றேன்.

"நில்லுங்க மேடம், ஒரு போட்டோ எடுக்கறேன்" என்று என் போனை வாங்கிக்கொண்டாள். போய் நின்றேன். அவள் போனை உயர்த்தினாள், பிறகு இறக்கினாள்.

"மேடம், கொஞ்சம் தள்ளுங்களேன். கிராக்க மறைக்கிறீங்க."

தள்ளி நின்றேன்.