அம்மா பாடவில்லை

பண்டாரவளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் றில்வானின் போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. வினாத்தாள், காணி உறுதி, அடையாள அட்டை விண்ணப்பம் என்று தமிழில் தட்டச்சு செய்யவேண்டிய எதற்கும் ஊர் அங்கேதான் போகும். காரணம் சுதர்ஷினி. முப்பத்துமூன்று வயது. பிழையில்லாமல் அடிப்பாள். அடிக்கும்போதே வாடிக்கையாளர் எழுதிய பிழையையும் திருத்திவிடுவாள், அதற்காகச் சண்டைக்கு வருகிறவர்களோடு சண்டையும் பிடிப்பாள். அவளுடைய கோபத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதில் ஒரு பங்கு என்மீதும் இருக்கிறது. அது நியாயமானது.

அவள் மீரியபெத்தையில் பிறந்தவள். 2014 ஒக்டோபரில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை, அந்த வரிசை வீடுகளை, மூடிய காலையில் அவள் பண்டாரவளையில் தங்கி கணினி வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அம்மா பெரியாயி காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்த சித்தி விஜயலெட்சுமி மண்ணோடு போனார். உடல் கிடைக்கவில்லை. தாயும் மகளும் முகாமில் கிடந்து, பிறகு புதிதாகக் கட்டிக்கொடுத்த வீடொன்றுக்குப் போனார்கள். பெரியாயி கொஸ்லந்தைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கத் தொடங்கினார்.

அந்த நாட்களில் பிறநாட்டுப் படங்கள் பார்க்கிற வட்ஸ்அப் குழு ஒன்று எங்களுக்கு இருந்தது. பதுளையில் ஆசிரியராக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் நிரோஜன் அதைத் தொடங்கினார். பதுளை, ஹட்டன், யாழ்ப்பாணம், டொரண்டோ என்று, நானும் சுதர்ஷினியும் உட்பட நானூறு பேர் இருந்தோம். 2016இல் அவர் ஓவன் ஹாஸ்கெட் என்ற அமெரிக்க இயக்குநரின் முதல் படத்தை அனுப்பினார். பெரிய கம்பனி எதுவும் பின்னால் இல்லாமல், நண்பர்களை வைத்துக்கொண்டு எடுத்த படம். சுரங்கம் இடிந்து புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, மூடப்பட்ட குழிக்கு முன்னால் சமையலறைக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்காருவாள். பதினொரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள்.

சுதர்ஷினி அதை றில்வானின் கடைக் கணினியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே வேலைக்குத் திரும்பினாள் என்று றில்வான் பிறகு சொன்னார். ஒரு மாதத்துக்குள் முழுப் படத்துக்கும் தமிழில் சப்டைட்டில் செய்து குழுவில் போட்டாள். நாங்கள் ஹாஸ்கெட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடினோம். உலக சினிமாவின் மனசாட்சி என்று நிரோஜன் எழுதினார். நான் அதைவிடப் பெரிய வார்த்தை ஒன்று எழுதினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

2019இல் ஹாஸ்கெட் ஒரு பெரிய கம்பனிக்கு, பெரிய நட்சத்திரத்தை வைத்துப் படம் எடுத்தார். குழு கொதித்தது. ஆள் விலைபோய்விட்டான் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. முதல் படத்தையும் தோண்டி எடுத்து, அந்தப் பதினொரு நிமிடம் வெறும் சோம்பேறித்தனம், ஏழைகளைக் காட்டிப் பேர் வாங்குகிற வேலை என்றார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அழுதேன் என்று எழுதிய அதே ஆட்கள். படத்தில் ஒரு சட்டகம்கூட மாறவில்லையே, மாறினது யார் என்று சுதர்ஷினி அன்று கேட்டாள். நான் அதைத் தள்ளிவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன். அடுத்து ஹாஸ்கெட் எடுத்த சின்னப் படத்தை எங்களில் பத்துப் பேர்கூடப் பார்க்கவில்லை. அவள் அதற்கும் சப்டைட்டில் செய்தாள்.

போன வருடம் ஹாஸ்கெட்டின் புதிய படம் வந்தது. மகளை இழந்த அமெரிக்கன் ஒருவன் ஊர் ஊராக அலைகிற கதை. இடையில் இலங்கைக்கு வருகிறான், தேயிலை மலை ஒன்றில் நிற்கிறான், கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி பாடுகிறாள், அவன் அழுகிறான். நாற்பது விநாடி. நிரோஜன் அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் குழுவில் போட்டு, ஹாஸ்கெட் திரும்பி வந்துவிட்டார், அதுவும் எங்கள் மலைக்கே வந்துவிட்டார் என்று எழுதினார். ஐந்து வருடமாகத் திட்டியவர்கள் எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். சுரங்கப் படமும் மறுபடி காவியமாகிவிட்டது. கைகூப்பிய இமோஜிப் படங்களுக்கு நடுவே என்னுடையதும் ஒன்று இருந்தது.

சுதர்ஷினி பிரதி எடுத்துக்கொண்டே அதைப் போனில் ஓடவிட்டிருக்கிறாள். முகத்தைப் பார்க்கும் முன்பே குரல் தெரிந்துவிட்டது. பெரியாயியின் குரல். திரையின் அடியில் ஆங்கிலத்தில், பெண் நாட்டுப்புறப் பாடல் பாடுகிறாள் என்று எழுதியிருந்தது. பின்னணி இசைக்குள் சொற்கள் அமுங்கிக் கிடந்தன, அவள் ஒலியைக் கூட்டிக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். பிறகு றில்வானிடம் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

வேலைவிட்டு வந்த பெரியாயி, கூடையை இறக்கிவைத்துவிட்டு, போனை எட்டப் பிடித்துப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் படம் பிடித்ததை அவர் முன்பே மகளிடம் சொல்லியிருந்தார். தேயிலை விளம்பரமாக இருக்கும் என்று இருவரும் அதை விட்டுவிட்டார்கள்.

"நான் எங்கடி பாடினேன்?" என்றார் பெரியாயி.

நடந்ததை அவர் சொன்னார். அந்த மலையில் நின்றால் எதிரே மண் சரிந்த இடம் தெரியும். படம் பிடிக்க வந்தவர்கள் கொழுந்து பறிக்கச் சொன்னார்கள், பறித்தார். நிமிர்ந்தபோது அந்த இடம் கண்ணில் பட்டது. தங்கச்சியை நினைத்து வாய்விட்டு ஒப்பாரி சொல்லிவிட்டார். கமராவுக்குப் பின்னால் நின்ற உயரமான ஆள் பரவசமாகிவிட்டான். கூட வந்த கொழும்புக்காரன், கொஞ்சம் தமிழ் தெரிந்தவன், இன்னொரு தடவை அதேமாதிரி செய்யச் சொன்னான். பெரியாயி தலையசைத்து மறுத்தார். திரும்பவும் கேட்டான். அப்போதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒப்பாரியின் இழுவை குரலில் இருந்து இறங்காமலே, அவர்களைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார். அதைத்தான் படத்தில் வைத்திருந்தார்கள்.

சுதர்ஷினி மறுநாள் அந்தக் காட்சிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் அடித்தாள். அம்மா சொன்னது ஒரு சொல் பிசகாமல் அதில் இருந்தது:

"ஏய்யா, என் தங்கச்சி விஜயலெட்சுமி மண்ணுக்குள்ள கெடக்குறா. அவள நெனச்சு அழுதா, திரும்ப அழு, திரும்ப அழுன்னு கேக்குறீங்களே. ஒங்க வீட்டு எழவையும் இப்படித்தான் மூணு தடவ எடுப்பீங்களா?"

குழுவில் அதைப் போட்டபோது காலை பத்து மணி. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த நான் மேசைக்கு அடியில் போனை வைத்துப் படித்தேன். முதலில் டொரண்டோவில் இருந்து ஒருவர், கலை என்பது சொற்களுக்கு அப்பாற்பட்டது என்றார். இன்னொருவர், உங்கள் அம்மா உலகத் திரையில் வந்ததே பெருமைதானே என்றார். ஹாஸ்கெட்டின் பேட்டி ஒன்றை யாரோ போட்டார்கள். அந்தப் பாடலின் பொருளை நான் யாரிடமும் கேட்கவில்லை, தெரியாமல் இருப்பதில்தான் அதன் அழகு இருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார்.

நிரோஜன் அவளைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். போட்டோகொப்பி எடுக்கப் போயிருந்த நான் அருகில் நின்றேன்.

"சுதர்ஷினி, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா எங்கட சனத்தை ஒருத்தன் காட்டியிருக்கிறான். இப்ப இதைக் கிளறினா ஆருக்கு நட்டம்?"

"சேர், அவர் காட்டினது எங்கள இல்ல. அந்த வெள்ளக்காரன் அழுறதுக்கு எங்க அம்மாவ பக்கத்துல நிறுத்தியிருக்காரு. ஒங்களுக்கு அது விளங்கலன்னா, சுரங்கப் படத்த நீங்க ஒருநாளும் பாக்கல."

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அந்தக் கைகூப்பிய படம் போட்டது நீங்கதானே என்றாள். ஆமாம் என்றேன். என் வினாத்தாள்களை அடுக்கிக் கையில் தந்தாள்.

மூன்று மாதம் கழித்து எல்லாம் தலைகீழானது. லண்டனில் படிக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி, சுதர்ஷினியின் சப்டைட்டிலோடு அந்த நாற்பது விநாடியைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். அது பரவியது. எங்கள் குழு ஒரே இரவில் ஹாஸ்கெட்டைத் திருடன் ஆக்கியது. முதல் நாளே இதை நாம் கண்டுபிடித்தோம் என்று நிரோஜன் எழுதினார். நாம்! சுரங்கப் படத்தையும் இனி யாரும் பார்க்கக்கூடாது, அதுவும் களவுதான் என்றார்கள். பதுளையில் ஒரு கண்டனக் கூட்டம் வைத்து, அவளைப் பேச அழைத்தார்கள்.

அவள் போகவில்லை. குழுவில் ஒரு நீண்ட செய்தி போட்டாள். தட்டச்சில் அவளுக்கு இருக்கும் வேகமெல்லாம் அதில் இருந்தது.

சுரங்கப் படம் நல்ல படம், நேற்றும் நல்ல படம், நாளைக்கும் அப்படித்தான் என்று எழுதியிருந்தாள். இந்த நாற்பது விநாடி களவு, நீங்கள் அழுதபோதும் களவுதான், இப்போது கத்துகிறபோதும் களவுதான். இரண்டையும் ஒரே ஆள்தான் எடுத்திருக்கிறார், இரண்டையும் என்னால் சொல்ல முடியும். உங்களால் ஏன் முடியவில்லை? அவர் படத்தைப் பற்றி ஒன்பது வருடமாகப் பேசுகிறீர்கள். என் அம்மா என்ன சொன்னார் என்று உங்களில் ஒருவர்கூட அவரிடம் வந்து கேட்கவில்லை. கொஸ்லந்தைக்கு பஸ் ஓடுகிறது.

அவ்வளவுதான். குழுவை விட்டு வெளியேறினாள். திமிர் பிடித்தவள் என்று சிலர் எழுதினார்கள். அன்று நானும் வெளியேறினேன். அதைப் பெரிய காரியமாகச் சொல்லவில்லை, பிந்திச் செய்தது.

படத்தை விநியோகிக்கிற கம்பனிக்கு அவள் மூன்று கடிதம் எழுதினாள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்கு இந்த ஏப்ரலில் பதில் வந்தது: ஓவன் மிகவும் நெகிழ்ந்துபோனார், திருத்தம் செய்துவிட்டோம். திருத்தம் என்னவென்றால், நாட்டுப்புறப் பாடல் பாடுகிறாள் என்று இருந்த இடத்தில் இப்போது, பெண் தமிழில் பேசுகிறாள் என்று இருக்கிறது. அவர் பேசிய பேச்சு இல்லை. பெரியாயியின் பெயர் இல்லை, விஜயலெட்சுமியின் பெயரும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் தடவை. பெரியாயி பிளேன்டீ ஊற்றித் தந்தார். சுதர்ஷினி பதிலை வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"நான் திட்டினத போட்டாங்களா?" என்று கேட்டார் பெரியாயி.

"போடலம்மா."

"அப்ப இன்னொரு கடுதாசி எழுது. இந்தத் தடவ நான் சொல்றேன், நீ அடி."

சுதர்ஷினி மடிக்கணினியைத் திறந்தாள். பெரியாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினார். நான்கு பக்கம் போனது. நெகிழ்ந்துபோனார் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு பக்கம்.