கிளி கற்ற இருமல்

உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. முதலில் வறட்டுச் செருமல், பிறகு அடுக்கடுக்காக நாலைந்து, கடைசியில் மூச்சை இழுக்கும் அந்த நீளமான விசில். அடுப்படியில் இருந்த மனைவி வெந்நீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கட்டில் காலியாக இருந்தது. கணவர் குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. கூண்டுக்குள் சாம்பல் நிறக் கிளி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. இன்னொரு தடவை இருமிக் காட்டியது.

டம்ளரும் கையுமாக அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவள் கணவர் தையற்காரர். தெருவில் எல்லோரும் ‘டேப்’ என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவில்கூட காலருக்குள்ளிருந்து அதன் நுனி எட்டிப்பார்க்கும். பேன்ட் தைப்பதில் கெட்டிக்காரர். தொப்பைக்காரர்களின் இடுப்பளவை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷரிடம்தான் இந்த இருமல் வந்து ஒட்டிக்கொண்டது.

சளி என்றார்கள், சிரப் குடித்தார். அலர்ஜி என்றார்கள், மாத்திரை விழுங்கினார். பிறகு ஒரு டாக்டர், எல்லாம் துணித்தூசியால் வந்த வினை, தொழிலை விட்டு வீட்டில் ஓய்வாக இருங்கள் என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கடை ஷட்டர் இறங்கியது. தனியாகப் படுத்திருப்பவருக்குப் பேச்சுத்துணை வேண்டுமே என்று, மனைவி அவருடைய கட்டிலைக் கிளிக்கூண்டு இருந்த அறைக்கே மாற்றினாள். குளிர்காற்று படக்கூடாதென்று ஜன்னல்களையும் இறுக்கி அடைத்தாள்.

அது அவர்களுடைய ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து வளர்த்த கிளி. கல்யாணமாகிப் போகும்போது, அப்பாவைப் பார்த்துக்கொள் என்று அதனிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். முதல் பிரசவத்தில் அவளும் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. அவள் குரல் மட்டும் கூண்டுக்குள் மிஞ்சியது. மத்தியானம் தட்டு வைக்கும் சத்தம் கேட்டால் போதும், அச்சு அசலாக அவளே கேட்பதுபோல் கிளி கேட்கும்: “அப்பா, சாப்ட்டியா?”

சாப்பிடாவிட்டாலும் அவர், “சாப்ட்டேம்மா” என்பார். அந்த ஒரு கேள்வியிலும் பதிலிலும்தான் அந்த வீடு உயிரோடு இருந்தது.

ஓய்வெடுத்தால் குறையும் என்று பார்த்தால் இருமல் கூடியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இடையில் அவருடைய அக்கா வந்து தம்பியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். என்ன மாயமோ, அங்கே இருமல் அடங்கிவிட்டது. எல்லாம் என் கைப்பக்குவம் என்று அக்கா சொல்லாத ஆளில்லை. ஆனால் வீடு திரும்பியதுமே பழையபடி பிடித்துக்கொண்டது.

“நான் என்ன விஷமா வச்சுப் போடறேன்? உங்க அக்கா வீட்டுச் சோத்துல மட்டும் தேனா வடியுது?” என்ற மனைவி, பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், சமாதானம் சொல்ல அவர் வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது.

கடைசியாக நுரையீரல் டாக்டரம்மாவிடம் போனார்கள். பழைய கதையெல்லாம் கேட்டு அவர் எழுதிக்கொண்டிருக்கையில், மனைவி விரக்தியில் ஒரு வார்த்தை சொன்னாள்.

“கேட்டுக் கேட்டு எங்க வீட்டுக் கிளியே இருமக் கத்துக்கிச்சு, டாக்டர்.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. “கிளி எந்த ரூம்ல இருக்கு?”

இறகிலிருந்து மாவு மாதிரி உதிரும் தூளும் காய்ந்த எச்சமும் சிலருடைய நுரையீரலுக்கு ஆகாது, உள்ளே தழும்பாக்கிவிடும் என்று அவர் விளக்கினார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அதையே காட்டின. பால்கனியில் வைத்துக்கொள்ளலாமா, மொட்டைமாடியில் வைக்கலாமா என்று தையற்காரர் கெஞ்சினார். ஒன்றுக்கும் டாக்டரம்மா இசையவில்லை.

“மருந்து தர்றேன். ஆனா கிளி இருக்கிற வீட்ல மருந்து நிக்காது. இன்னும் தள்ளிப்போட்டா, போன மூச்சு திரும்பாது.”

வெளியே வந்து அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். காரணம் தெரியவில்லையே என்று எத்தனை நாள் புலம்பியிருப்பார். தெரியாமலே இருந்திருக்கலாம்.

“அவ குரல அனுப்பிட்டு, நான் மூச்சு விட்டு என்ன பண்ணப்போறேன்?”

“நீங்களும் போயிட்டா அது யாரப் பாத்து சாப்ட்டியான்னு கேக்கும்?” என்றாள் மனைவி. “என்னையாவது யாரு கேப்பா?”

அன்றே அவள் மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். மகள் போனபின் வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் ஒண்டியாக இருப்பவர். யாரோ ஒருவர் கையில் கொடுப்பதற்குப் பதில், கிளி மகள் வாழ்ந்த வீட்டுக்கே போகட்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

மாப்பிள்ளை ஒரு மத்தியானம் வந்தார். தையற்காரர் கூண்டுக்குக் கிட்டே போகக்கூடாது. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் டேப்போடு, அடுப்படி வாசலிலேயே நின்றார். கடைசியாக ஒரு தடவை அந்தக் குரலைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று மாப்பிள்ளை போனை நீட்டினார். மனைவி தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். கிளி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அது இருமியது. அதே செருமல், அதே அடுக்கு, அதே விசில்.

மறுபடியும் தட்டை வைத்தாள். மறுபடியும் இருமல். கணவருடைய கட்டிலை வேறு அறைக்கு மாற்றிய நாளிலிருந்தே தட்டுச் சத்தத்துக்குக் கிளி இருமத்தான் செய்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவரிடம் சொல்லும் தைரியம்தான் வரவில்லை.

“எங்க வீட்டுக்கு வந்து அது பேசினா போன்ல போட்டு அனுப்பறேன் மாமா,” என்றார் மாப்பிள்ளை, நிமிர்ந்து பார்க்காமல்.

“தனியா விட்டுடாதீங்க மாப்ள. ஏங்கிப்போனா இறகப் பிச்சுக்கும்.”

“சரிங்க மாமா.”

மகளுடைய பழைய துப்பட்டாவால் கூண்டை மூடிக் கொடுத்தாள் மனைவி. மாப்பிள்ளை அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். திருப்பத்தில், துணிக்குள்ளிருந்து அதே இருமல் இன்னொரு முறை கேட்டது.

“சாப்ட்டேம்மா,” என்றார் தையற்காரர்.

மனைவி கதவைச் சாத்தினாள்.