உப்பிய கன்னம்

கொல்கத்தா ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் சொந்தக்காரருக்குப் பெயர் கிடையாது. 'பேஷண்ட் பார்ட்டி' என்று மைக்கில் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஐ.சி.யு.வில் கிடந்தபோது நானும் ஒரு பார்ட்டி. அவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. சிறுநீரில் கிருமி தொற்றி வந்த காய்ச்சலை மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டே ஆபீஸ் போனார், மகாராசன். ஒருநாள் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார்.

உள்ளே விட்டபோது பார்த்தேன். எப்போதும் ஒட்டிக்கிடக்கும் கன்னம் உப்பியிருந்தது. கைகால்கூடப் பூசினாற்போல் இருந்தன. தொட்டால் சுடவில்லை. அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்ததும் திருச்சியிலிருக்கும் அவருடைய அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, காய்ச்சல் விட்டுடுச்சு. முகத்துல சதைகூட போட்டிருக்கு."

அண்ணி சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

பின்னாலேயே டாக்டரம்மா கூப்பிட்டார். பெங்காலியில் நிதானமாகத்தான் சொன்னார்.

"அது சதை இல்ல தீதி, நீர். ரத்தக்குழாயெல்லாம் கசியுது. உடம்பு சில்லிட்டிருக்கறதும் நல்லதுக்கில்ல. கிட்னி நின்னுபோச்சு."

"கிருமிக்குத்தான் மருந்து குடுத்தீங்களே?"

"மருந்து கேட்டிருக்கு. ரத்தத்துல இப்ப கிருமி இல்ல. ஆனா அதை எதிர்த்துக் கிளம்பின உடம்பு அடங்க மாட்டேங்குது. அந்த அழற்சிதான் உறுப்புகளைக் கெடுக்குது."

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. திருடன் போன பிறகும் காவல்காரன் வீட்டை நொறுக்குவானா? அப்படியானால் நான் யாரைத் திட்டுவது? போன கிருமியையா, இந்த மனிதரின் உடம்பையா? பிழைப்பாரா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். இதை அண்ணியிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். தினமும் உள்ளே போனால் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டிலில் தொங்கும் மூத்திரப் பையைத்தான் பார்ப்பேன். காலியாகவே இருக்கும். ஒருநாள் அடியில் கொஞ்சம் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பாவம், அவள் என்னமோ ஏதோவென்று பயந்துபோனாள்.

அவரை வார்டுக்கு மாற்றிய பிறகு அண்ணி ரயிலேறி வந்தார். தம்பியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"சதை போட்டிருக்குன்னியே! எலும்பும் தோலுமாவுல்ல கெடக்கான்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை.

"புருஷன் இந்தக் கோலத்துல கெடக்கான், சிரிப்பு வருதா உனக்கு?"

எங்கிருந்து தொடங்கி விளக்குவது? எனக்கே இன்னும் பாதி புரியவில்லை. குழிவிழுந்த அந்தக் கன்னத்தைத் தடவினேன்.

"இதுதான் அண்ணி நம்ம ஆளு," என்றேன்.