திட்டில் ஏறிய ஆடுகள்

ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த எட்டு வருஷமும் ஹெப்சிக்கு வாய் ஜாஸ்தி என்று பெயர். இப்போது அந்த வாய்க்குத்தான் சம்பளம். ஆம்பூருக்கு மேற்கே, பாலாற்றை ஒட்டிய ஊர்களில் ஆடு மாடு மேய்க்கிற நூற்றுப்பத்துப் பேருக்கு, புயலோ வெள்ளமோ கடும் வெயிலோ வருவதற்கு முன்பே வாட்ஸ்அப் குரூப்பில் குரல் செய்தி போடுகிறாள். ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த வேலை. அவர்கள் எழுதித் தருவதை அவள் அப்படியே படிக்கமாட்டாள். "இந்தத் தமிழ் ஆட்டுக்கும் புரியாது, ஆளுக்கும் புரியாது" என்று அடித்துத் திருத்தித் தன் பேச்சிலேயே பேசிவிடுவாள்.

அந்த நவம்பர் காலையிலும் அப்படித்தான் பேசினாள். "ஆத்துக்கு மேல் பக்கம் பலத்த மழை. மத்தியானத்துக்குள்ள ஆத்துல தண்ணி வந்துடும். ஆடுங்கள மேடான எடத்துக்கு ஓட்டிடுங்க."

பத்து மணிக்கு எலியாஸ் பதில் சொன்னார். நாற்பது ஆடுகளைத் தவிர வேறு பிழைப்பு இல்லாத மனுஷன். "ஓட்டிட்டேம்மா. நம்ம திட்டுல ஏத்திட்டேன். கோபியும் அந்தோணியும்கூட அவங்க ஆடுங்களோட இங்கதான் வந்துட்டாங்க."

திட்டு என்றதும் ஹெப்சிக்குத் தன் தப்பு புரிந்தது. திட்டு இருப்பது ஆற்றின் நடுவில். வருஷம் முழுக்க மணலாய்க் கிடக்கிற ஆற்றில் மேய்த்துப் பழகியவர்களுக்கு மேடு என்றால் அதுதான். இது தெரிந்த ஊர்க்காரி, கரையேறுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்க்காமல் விட்டாளே! தன்மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

உடனே எலியாஸுக்குப் போன் போட்டாள். "அண்ணா, மொதல்ல கரைக்கு வாங்க."

"போன தடவ வந்த வெள்ளத்துலயே திட்டு முழுவலயேம்மா."

"இப்பவும் முழுவாதுண்ணா. ஆனா தண்ணி வடிய பத்து நாள் ஆச்சே, ஞாபகம் இல்லியா? அதுவரைக்கும் ஆடு இன்னா திங்கும்? டேனரியில தோல் கழுவுன தண்ணி கலந்து நுரையா வருமே, அத வாயில வைக்குமா?"

அந்தப் பக்கம் ஆடுகளை விரட்டும் சத்தம் கேட்டது.

கோபியிடம் பேசினால் அவர் எரிந்து விழுந்தார். "காலையில ஏறுன்ன, இப்ப எறங்குன்ற. இன்னா வெளையாட்டா?" அந்தோணி போனையே எடுக்கவில்லை. மற்ற ஊர்களில் எத்தனை பேர் திட்டில் நிற்கிறார்களோ! தப்பை ஒத்துக்கொண்டு குரூப்பில் பேசப்போவதாக தொண்டு நிறுவன அதிகாரி நயீம் அகமதிடம் சொன்னாள்.

"அப்புறம் யாரும் நம்மள நம்பமாட்டாங்கம்மா" என்றார் அவர்.

"நம்பாட்டி போவட்டும் சார். ஆடு பொழைக்கட்டும்."

பேசினாள். "காலையில நான் சொன்னது தப்பு. ஆத்து நடுவுல இருக்கிற திட்டு வேணாம். கரையத் தாண்டி வந்துடுங்க. தப்பு என்னுது, ஆடுங்க உங்களுது."

ஐந்து நிமிஷத்தில், கரையேறிவிட்ட எலியாஸின் குரல் குரூப்பில் வந்தது. "டேய் கோபி, அந்தோணி, கரையேறி வாங்கடா. தப்பா சொன்னா தப்புன்னு அந்தப் பொண்ணே சொல்லுது. நமக்கு வேற யாருடா அப்படிச் சொல்லியிருக்காங்க?"

ஒன்றரை மணிக்குத் தண்ணீர் வந்தபோது திட்டில் ஒரு குட்டிகூட இல்லை. ஹெப்சி எலியாஸின் குரலை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். இரண்டு தரமும் அழுதாள்.