சீனி போடாத பரோட்டா

டாக்டர் சோற்றையும் பரோட்டாவையும் நிறுத்தச் சொன்ன பிறகு, இன்றுதான் முதல் கிரிக்கெட் மேட்ச்.

அருப்புக்கோட்டையில் எங்கள் செட்டு மேட்ச் பார்ப்பது பரோட்டாக் கடை கலர் டிவியில்தான். இனி அடுத்தவன் தின்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"மாஸ்டர், எனக்குச் சுகரு. பரோட்டா வேணாம்."

அவர் முகம் வாடிவிட்டது. "கவலப்படாதீகண்ணே. மாவுல கொஞ்சம் சீனி சேப்போம். உங்களுக்கு மட்டும் சீனி போடாமப் பெசஞ்சு தாரேன்."

மாவே ஆகாது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் இரண்டு விக்கெட் போய்விட்டது.

கொஞ்சம் யோசித்தார். அடுப்பிலிருந்து கருவேலங்கட்டைக் கங்குகளை இழுத்துப் போட்டு, ஆட்டு ஈரலில் உப்பும் மிளகும் தடவி, கம்பியில் குத்திச் சுட்டார். மேலே பச்சை வெங்காயம், ஒரு பிழி எலுமிச்சை. வாசத்துக்குக் கடையே திரும்பிப் பார்த்தது.

அப்பாடா, மேட்ச் நாள் எனக்கும் உண்டு.

"ஏலே, எனக்கும் அதயே சொல்லு" என்றான் பக்கத்திலிருந்த கூட்டாளி முருகன்.

வந்ததும் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கத்தினான்: "மாஸ்டர், இதுக்கு ரெண்டு பரோட்டா! எனக்குச் சீனி போட்டே குடுங்க!"

அடுத்த மேட்சுக்கும் போகத்தான் போகிறேன். இவனை மட்டும் எங்கே உட்கார வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.