தூணுக்குப் பின்னால் வைத்த பெயர்ப்பலகை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அமெரிக்க இசை நாடகங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நாற்காலிகளுக்கு அடியில் பொறுக்கியது. லண்டனில் ஒரு நாடக அரங்கில் பதின்மூன்று வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். பார்வையாளர்கள் விட்டுப்போகும் நிகழ்ச்சிப் புத்தகங்களைக் குப்பைப் பையில் போட எனக்கு மனம் வராது. கோலியர்ஸ் வுட்டில் உள்ள என் அறைக்குக் கொண்டுபோய், அகராதியைப் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.

வாசிக்க வாசிக்கக் கோபம்தான் வந்தது. அந்தக் கலையின் தாளத்திலும் பாட்டிலும் பெரும்பங்கு கறுப்பின மக்கள் கொடுத்தது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, அவர்களைப் போல ஆடிக் கேலி செய்து பேர் வாங்கினார்கள். கறுப்பினத்தவர்களுக்கு மேடை கிடைத்தபோதும், கறுத்த முகத்தின் மேலேயே கரி பூசிக்கொண்டு வரச் சொன்னார்கள். பிறகு அந்த நாடகங்களைப் படமாக எடுத்தபோது, நடிகை வாயசைக்க வேறொருத்தி பாடினாள். பல படங்களில் பாடியவளின் பெயரைத் திரையில் போடவே இல்லை. இதை என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் ரேடியோவில் பாட்டுப் போட்டால் பாடியவரின் பெயரைத்தானே முதலில் சொல்வார்கள்.

இதை ஒருநாள் வாய் தவறி எங்கள் சூப்பர்வைசரிடம் சொன்னேன். இல்ஃபோர்டில் இருந்து வருகிற யாழ்ப்பாணத்து அண்ணை அவர். அன்றைக்கு எனக்குப் பேராசிரியர் என்று பெயர் வைத்தவர், இன்றுவரை விடவில்லை.

எங்கள் அரங்கில் ஓடிய அமெரிக்க நாடகத்தில் கதாநாயகியாக நடித்தவர் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற கறுப்பினப் பெண். அவருக்கு முடியாமல் போனால் மாற்றாக மேடை ஏறுவதற்கென்று இன்னொரு கறுப்பினப் பெண் இருந்தார். கூட்டத்தோடு பாடுவார், கதாநாயகியின் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு காலடியையும் மனப்பாடமாக வைத்திருப்பார். அவரும் நானும் ஒரே ரயிலில் வருவோம். அவர் தலையசைப்பார், நானும் அசைப்பேன். இரண்டு வருடத்தில் எங்கள் பேச்சு அவ்வளவுதான். ரயிலில் கண்ணை மூடி உதடு அசைத்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டு வருடமும் அவருக்கு ஒரு தடவைகூட முறை வரவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அந்த முறை வந்தது. கதாநாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்படியான நாளில், இன்று இந்த வேடத்தில் நடிப்பவர் இன்னார் என்று எழுதிய பலகையை வாசலில் வைப்பது வழக்கம். ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். பலகையில் மாற்றாக ஏறுபவரின் பெயரை எழுதியாயிற்று. அதைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் அண்ணை வந்தார்.

"பேராசிரியர், இதைக் கீழ கொண்டுபோய்த் தூணுக்குப் பின்னால வையும். மனேஜர் சொல்லிப்போட்டார்."

"வாசல்ல வைக்கிற பலகையெல்லோ அண்ணை?"

"ஓம். இண்டைக்கு வேண்டாமாம். ரெண்டு பஸ் நிறையச் சனம் டிவிக்காரியைப் பாக்க வந்திருக்கு. தெரிஞ்சால் திரும்பிப் போயிடுங்களாம். மைக்கிலயும் சொல்லப் போறேல்லை."

"அப்ப ஆடுறவவின்ர பேர்?"

"அவ ஆடுறா, சம்பளம் எடுக்கிறா. அவவின்ர பேரை நீர் ஏன் ஐசே சுமக்கிறீர்? கொண்டுபோய் வையும்."

கொண்டுபோய் வைத்தேன். அதை நினைத்தால் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது.

முதல் பாதி முழுவதும் பின்கதவருகே நின்று கேட்டேன். ஓர் இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும், குரல் மட்டும் தனியாக மேலே போகும். அந்த இடத்தில் டிவிக்காரி எப்போதும் கொஞ்சம் அவசரப்படுவார். இவர் அவசரப்படவில்லை. பிறகு எழுந்த கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

இடைவேளையில் படியால் இறங்கிவந்த ஒரு பெண்மணி தன் கணவரிடம், "டிவியில் பார்ப்பதைவிட நேரில் எவ்வளவு உயரமாக இருக்கிறாள்!" என்றார். அவர் மேடையில் பார்த்ததாக நினைத்தது டிவிக்காரியை. கணவரும் ஆமோதித்தார். இரண்டு பெண்களுக்கும் முகத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. தோல் கறுப்பு என்றால் இவர்களுக்கு எல்லோரும் ஒருத்திதான். மனேஜருக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்துதான் பலகையை ஒளித்தார்.

நான் கீழே நிலவறைக்குப் போனேன். பலகையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, எல்லோரும் இறங்கும் படியின் அடியில் நின்றேன். வாய் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. நாலு பேர் என்னைப் பார்த்தாலே வியர்க்கும். அன்றும் வியர்த்தது.

அண்ணை ஓடி வந்தார். "என்ன செய்யிறீர்? வேலை போயிடும். வையும் கீழ!"

"ஏலாது அண்ணை."

"சாமி தூக்கிற மாதிரி நிக்கிறீர். சனம் சிரிக்குது."

"சிரிக்கட்டும். வாசிச்சிட்டுச் சிரிக்கட்டும்."

சிலர் வாசித்து முகம் சுளித்தார்கள். ஒருவர் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அலுவலகத்துக்குப் போனார். ஒரு முதியவர் மட்டும் பெயரை மெதுவாக உச்சரித்துப் பார்த்து, தன் புத்தகத்தில் அச்சாகியிருந்த பெயரை அடித்துவிட்டு மேலே எழுதிக்கொண்டார். மணி அடித்து எல்லோரும் உள்ளே போனதும், பலகையை வாசலில் அதன் இடத்தில் வைத்தேன். அதை எடுக்க யாரும் வரவில்லை.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அன்று நடித்தவர் ஒப்பனையை அரைகுறையாகத் துடைத்த முகத்தோடு, கைபேசியைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். தன் பெயர் போட்ட பலகையோடு படம் எடுத்துக்கொள்வது இப்படி மாற்றாக ஏறுபவர்களின் பழக்கம். என்னைப் படம் எடுக்கச் சொல்லிக் கைபேசியை நீட்டியவர், "தொடக்கத்தில் இருந்தே இங்கேதானே இருந்தது?" என்று சும்மா கேட்டார்.

ஆம் என்றிருக்கலாம். என் உடைந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன். கீழே வைத்தவனும் நான், மேலே கொண்டுவந்தவனும் நான் என்றேன். அவர் கைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். படம் எடுக்கவில்லை.

"முதல் பாதியில் அவர்கள் யாருக்குக் கைதட்டினார்கள்?" என்று கேட்டார்.

அவர் பலகையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மனேஜரின் அறையை நோக்கி நடந்தார். கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.