டிராக்டர் மூக்கில் நான்

போன சனிக்கிழமை நான் பாரமாக வேலை பார்த்தேன்.

பாரம் சுமக்கிற வேலை இல்லை. பாரமாகவே இருக்கிற வேலை! ‘ஆபீசிலும் அதைத்தானே செய்கிறீர்’ என்று என் மேலதிகாரி கேட்கக்கூடும். இது வேறு, ஐயா. இது டிராக்டர் மேல்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் உடல்வாகு தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன் – எங்கள் குடும்பத்தில் கனமான பொருள் எது என்று கேட்டால், நெல் போடுகிற பத்தாயத்துக்கு அடுத்தது நான்.

என் தங்கை தங்கம்மையைச் சிதறால் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். புருஷன் பொன்னையா தங்கமான மனுஷன். ஒரே குறை, பேப்பர் படிப்பார். ஐந்தாண்டுத் திட்டம் என்று பேப்பரில் வந்தது முதல் அவருக்கும் ஒரு திட்டம் வந்துவிட்டது. ஏதோ ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கழித்துப் போட்ட சின்ன டிராக்டரை வாங்கி வந்து, பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்து, முற்றத்தில் நிறுத்திவிட்டார்.

அவருடைய நிலம் எப்படிப்பட்டது தெரியுமா? வீட்டுக்குப் பின்னால் ஒரு பொற்றை. பாறையும் சரளும் கலந்த மொட்டை மேடு. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, போடுவதற்கு அதைத்தான் உழ வேண்டும். ஆடுகூட அங்கே யோசித்துத்தான் ஏறும். இவ்வளவு காலமும் அதில் ஏர் இழுத்தவை மயிலை, செவலை என்ற இரண்டு காளைகள். கன்றிலிருந்து தங்கம்மை வளர்த்தவை. காலையில் எழுந்ததும் அவள் முதலில் போய்ப் பார்ப்பது அவற்றின் முகத்தைத்தான். பொன்னையா முகம் அப்புறம்.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் இருப்பது ஒரே தொழுவம். இடவப்பாதி மழை தொடங்கப்போகிறது. டிராக்டர் நனையலாமா? கூடாது. அப்படியானால் காளைகள்? விற்றுவிடலாம் என்று பொன்னையா முடிவு செய்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுத் தரகர் வருவதாக ஏற்பாடு.

தங்கம்மை அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “மொதல்ல அது பொற்றைய உழுது காட்டட்டும். பெறவு மாட்டக் குடுங்க.”

கூடவே எனக்கும் ஆள் அனுப்பினாள். காளைகளுக்காக மாப்பிள்ளையிடம் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். நாகர்கோவிலில் பஸ் ஏறும்போது அந்த நாலு வார்த்தையும் நாக்கு நுனியில் இருந்தன. டிராக்டரைப் பார்த்ததும் என்ன ஆயிற்று என்கிறீர்கள்? “ஒரு தடவ ஹாரன் அடிச்சுப் பாக்கட்டுமா மாப்பிள?” என்று கேட்டேன்.

சோதனை ஆரம்பமாயிற்று. பொன்னையா டிராக்டரைப் பொற்றையில் ஏற்றினார். பின்னால் கலப்பை மண்ணைக் கடித்தது. அவ்வளவுதான், முன் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில்! பொன்னையா போட்ட சத்தம் கீழே ரோட்டில் போனவர்களை நிறுத்திவிட்டது.

“முன்னால பாரம் பத்தல,” என்றார் இறங்கி வந்து, மூச்சு வாங்க. சுற்றிலும் பார்த்தார். பாறையைப் பார்த்தார். தென்னந்தடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்… பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மச்சான், சும்ம ஒரு நிமிஷம் ஏறி இரிங்க.”

எஞ்சினை மூடிய தகட்டின் மேல் ஒரு சாக்கை விரித்துக் கட்டினார்கள். குடும்பமே தள்ளி என்னை ஏற்றியது. ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் இல்லாத வண்டியே முனகியது என்றால் நம்புவீர்களா? ஆனாலும் மூக்கு இன்னும் லேசாக ஆடிற்று. “ரெண்டு கல்லக் கட்டுங்களேன். இங்க கல்லுக்கா பஞ்சம்?” என்றேன்.

“கல்லா? பெயின்ட் போயிரும் மச்சான்!”

அப்போதுதான் தங்கம்மை வாயைத் திறந்தாள். “அப்பம் சக்கையக் கெட்டுங்க. பாரத்துக்குப் பாரம் ஆச்சு, பெயின்டும் போவாது.”

எங்கள் பக்கத்தில் பலாவைச் சக்கை என்போம். இது சக்கைக் காலம். மரம் நிறையத் தொங்குகிறது. பொன்னையா ஒரு காயைப் பறிக்கப் போனார். “அது வேண்டாம், நான் பாத்துத் தாரேன்” என்று தங்கம்மையே மரத்தடிக்குப் போனாள். ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தாள். முகர்ந்தாள். மறுபடி தட்டினாள். பொறுக்கி எடுத்தவற்றைக் கயிற்று உறியில் போட்டு என் இரண்டு கால்களுக்கும் பக்கத்தில் தொங்கவிட்டார்கள்.

ஏறியது! சத்தியமாக ஏறியது! மேலே வரை ஒரு சால் ஓட்டி முடித்து, திரும்பவும் இறங்கி வந்தோம். பொன்னையா கை தட்டினார். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே திரும்பினால்… தங்கம்மை கொல்லாமா என்கிற முந்திரி மரத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் காளைகள் மேய்ந்தன. அவள் முகத்தைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினேன். காளைகளுக்காகப் பேச வந்த அண்ணன், அவற்றை விற்பதற்குப் பாரமாக உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடக் கேவலம் உண்டா?

இறங்கிவிடலாமா என்று யோசிப்பதற்குள் இரண்டாவது சால் தொடங்கிவிட்டது. பாதி ஏற்றத்தில் கலப்பை ஒரு பாறைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. பொன்னையா எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்கு அண்டையாகக் கல் வைத்துவிட்டு, கடப்பாரை எடுக்க வீட்டுக்கு ஓடினார். “எறங்கிராதீங்க மச்சான்! நீங்க எறங்குனா மூக்கு பொங்கிரும்!”

தனியாக இருந்தேன். வெயில். குலுங்கின குலுக்கலில் சக்கைகள் பிளந்துவிட்டன. சாறும் பிசினும் என் வேட்டியெல்லாம் வழிகிறது. ஊரில் உள்ள ஈ முழுவதும் என் மடியில். அந்த வாசனைக்கு நானே ஒரு சுளை எடுத்துத் தின்றேன் என்பதை மறைப்பானேன்?

வாசனை எனக்கு மட்டுமா வரும்? அந்த வீட்டில் சக்கை வெட்டினால் சுளை மனிதருக்கு, மடல் காளைகளுக்கு. சக்கைக் காலம் வந்தால் அவை வேறு எதையும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மயிலையும் செவலையும் அவிழ்ந்த கயிற்றை இழுத்துக்கொண்டு பொற்றை ஏறி வந்தன. ஒன்று வலது பக்கம் நின்றது, ஒன்று இடது பக்கம். தின்ன ஆரம்பித்தன.

“ஹை! ஹை! போ!” கேட்குமா? “ஏட்டி தங்கம்மை! மாட்டப் பிடி! பாரம் கொறையுகு!”

“இன்னா வாரேன் அண்ணே…” என்றாள். வந்தாள். கோயில் பிராகாரம் சுற்றுகிற நடையில் வந்தாள். அதற்குள் உறி காலி. செவலை என் முழங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் பொன்னையா திரும்பி வந்தார். பின்னாலேயே தரகர்! சாயங்காலம் வர வேண்டியவர், மத்தியானமே வந்துவிட்டார். தரகருக்கு முன்னால் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருப்பது கௌரவமா? பொன்னையா கடப்பாரையைக் கீழே போட்டார், ஸீட்டில் தாவினார், ஸ்டார்ட் பண்ணினார். “இப்பம் பாருங்க ஓய், வண்டிக்க பவற!”

“மாப்பிள, சக்கை –”

முடிக்கவில்லை. மூக்கு எழும்பியது. நானும் எழும்பினேன். பிறகு வழுக்கினேன், பின்பக்கமாக, சக்கைச் சாற்றின் மேல். கண் திறந்தபோது பொன்னையாவும் நானும் கட்டிப் பிடித்தபடி இருந்தோம், நடுவில் ஸ்டீயரிங். நல்லவேளை, எஞ்சின் செத்தது. மூக்கு ‘தொம்’மென்று தரையில் இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. என் வேட்டி மட்டும் பிசினோடு சாக்கில் ஒட்டிக்கொண்டு மேலேயே தங்கிவிட்டது. உள்ளே டிராயர் போட்டிருந்தேன், மானம் பிழைத்தது.

எஞ்சின் திரும்ப உயிர் பிடிக்கவில்லை. நுகமும் வடமும் எங்கே என்று தேடவேண்டிய வேலையும் இல்லை. கொல்லாமாவின் அடியில் தயாராக இருந்தன. கடப்பாரையால் கலப்பையை விடுவித்ததும் மயிலையும் செவலையும் டிராக்டரைப் பைய இழுத்து, குறுக்காகக் கொண்டுபோய்ச் சமநிலத்தில் சேர்த்தன. ஏப்பம் விட்டுக்கொண்டே.

தரகர் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நான் மாட்டுக்குத்தான் தரகன் கேட்டீரா? இந்தச் செவப்பு உருப்படிய விக்கியதுக்கு வேற ஆளப் பாரும்.”

பொன்னையா டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மெதுவாக, “மாடு நிக்கட்டு,” என்றார். தங்கம்மை மயிலையின் நெற்றியைத் தடவினாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். சக்கைப் பிசின் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது டிராக்டர், ரிப்பேர் பார்த்த பிறகு, கீழே உள்ள சமநிலத்தை மட்டும் உழுகிறது. நிற்கிற இடம் பலாமரத்தடி. இன்னும் பழுத்த சக்கைகள் மேலே தொங்குகின்றன. பெயின்டைக் கடவுள் காப்பாற்றட்டும்.

அன்று ராத்திரி மரச்சீனியும் மீன் குழம்பும் பரிமாறினாள் தங்கம்மை. தின்னத் தின்ன எனக்கு ஒரு சந்தேகம். வெறும் பாரத்துக்குக் கட்டுகிற சக்கை காயாக இருந்தால் என்ன? பழமாக இருந்தால் என்ன? அதிலும், தொட்டாலே பிளந்துபோகிற கூழஞ்சக்கையாக எதற்குத் தட்டித் தட்டிப் பொறுக்கினாள்?

பொன்னையா கை கழுவப் போன சமயம் பார்த்து மெல்லக் கேட்டேன். “ஏட்டி, பாரத்துக்குப் பழுத்த சக்கை எதுக்கு?”

இன்னொரு அகப்பை குழம்பை என் தட்டில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“பாரத்துக்கு நீங்க இருந்தீங்கல்லா அண்ணே? சக்கை மாட்டுக்கு.”